காலக்கணக்கின் கதை – 9: முதலாம் ஆண்டில் வாழ்ந்தவர்கள்

எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்று ஒரு பழைய நகரம் இருந்தது. அதன் குப்பைமேடுகளிலிருந்து கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு அறிஞர்கள் ஆயிரக்கணக்கில் பாப்பிரஸ் சுவடிகளைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றுள் ஒன்று, பிழைப்புக்காக அலெக்சாந்திரியா போயிருந்த ஹிலாரியோன் என்பவன் ஊரில் இருந்த ஆலிஸ் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதம். ஆலிஸ் அவன் மனைவி என்றே படித்தவர்கள் கருதுகிறார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினாலும் நான் இங்கேயே தங்கிவிட்டால் கவலைப்படாதே என்கிறான். கூலி கைக்கு வந்ததும் அனுப்பிவைக்கிறேன் என்கிறான். பிறக்கப்போகும் பிள்ளை ஆணாக இருந்தால் வைத்துக்கொள், பெண்ணாக இருந்தால் வெளியே போட்டுவிடு என்றும் அதே மூச்சில் எழுதுகிறான். 1904-இல் இந்தக் கடிதம் அச்சானது முதல், அந்த ஒரு வரிக்காகவே உலகம் அதைப் படித்துக் கலங்கி வருகிறது.

இந்தத் தொடருக்கு வேண்டியது கடிதத்தின் கடைசி வரி. ‘சீசரின் 29-ஆம் ஆண்டு, பயினி மாதம் 23’ என்று தேதி போட்டிருக்கிறான். சீசர் என்றால் இங்கே அகஸ்டஸ். நம் கணக்கில் அது கி.மு. 1, ஜூன் 17.

அதற்குப் பின் ஆறரை மாதம் கழித்து கி.பி. 1 பிறந்தது. ஹிலாரியோனுக்கு அது தெரியாது. ஆலிஸுக்கும் அகஸ்டஸுக்கும்கூடத் தெரியாது. உலகத்தில் ஒருவர்கூட அன்று காலை எழுந்து ‘இன்று முதலாம் ஆண்டின் முதல் நாள்’ என்று நினைக்கவில்லை. அந்த எண்ணைப் போட்டவர் பிறக்கவே இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன.

சென்ற அத்தியாயத்தில் அசீரியர்களின் லிம்மு பட்டியலைப் பார்த்தோம். ஆண்டுக்கு ஓர் அதிகாரி, அவர் பெயரே ஆண்டின் பெயர். பூர்-சகாலே என்பவர் பெயரால் வழங்கிய ஆண்டில் சூரிய கிரகணம் என்ற ஒரு குறிப்பு, கி.மு. 763 ஜூன் 15 என்ற உறுதியான தேதியாகி, அசீரிய வரலாறு முழுவதையும் தரையில் ஊன்றியது. அங்கே ஓர் ஊரின் கணக்கு. இந்த முறை ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். அந்த ஆண்டு, கி.பி. 1.

ரோமிலிருந்து தொடங்கலாம். ரோமானியர் ஆண்டை எண்ணவில்லை, அழைத்தார்கள். ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இரண்டு கான்சல்கள் பதவியேற்பார்கள். அந்த இருவர் பெயரும் சேர்ந்தால் அதுதான் ஆண்டு. கி.பி. 1-இல் பதவியேற்ற இருவர், கையுஸ் சீசரும் லூசியஸ் எமிலியஸ் பாவ்லுஸும். கடன் பத்திரமானாலும் கல்லறை வாசகமானாலும் மதுச்சாடியின் மேல் எழுதிய எழுத்தானாலும் ‘கையுஸும் பாவ்லுஸும் கான்சல்களாக இருந்தபோது’ என்றே தேதி போட வேண்டும். ஆண்டின் நடுவில் பாவ்லுஸ் விலகி மார்கஸ் ஹெரென்னியஸ் பிகென்ஸ் என்பவர் வந்தார். ஆனாலும் ஆண்டு தொடங்கும்போது இருந்தவர்களின் பெயரே நிலைத்தது.

இப்படிப்பட்ட முறையில் ஒரு பெரிய தொல்லை உண்டு. இருபது ஆண்டுக்கு முன் வாங்கிய நிலத்தின் பத்திரம் ஒன்று கையில் இருந்தால், அது இருபது ஆண்டுப் பழையதா முப்பது ஆண்டுப் பழையதா என்று அறிய, கான்சல்களின் பட்டியல் முழுவதும் வேண்டும். பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனால் ஓர் ஆண்டே காணாமல் போகும். அதனால்தான் அகஸ்டஸ் காலத்தில் அந்தப் பட்டியலை ரோம் நகர நடுவில் பளிங்கில் வெட்டி வைத்தார்கள். அதன் துண்டுகள் இன்றும் கேப்பிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

‘ரோம் நகரம் கட்டி 754-ஆம் ஆண்டு’ என்று கி.பி. 1-ஐப் பாடநூல்கள் குறிப்பதுண்டு. அது வாரோ என்ற அறிஞரின் கணக்கை ஒட்டியது; ஏட்டறிஞர்களின் எண். கடைவீதியில் அது புழங்கவில்லை. அறிஞர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பளிங்குப் பட்டியலின் கணக்கு வாரோவின் கணக்கைவிட ஓர் ஆண்டு குறைவு. அதன்படி இதே ஆண்டு 753. ஒரே நகரம், ஒரே தலைமுறை, இரண்டு எண்.

நாட்கணக்கும் அப்போது முழுதாகச் சீராகியிருக்கவில்லை. ஜூலியஸ் சீசர் நான்கு ஆண்டுக்கு ஒரு மிகைநாள் என்று விதித்துவிட்டு இறந்துபோனார். அதை நடைமுறைப்படுத்திய குருமார்கள் மூன்று ஆண்டுக்கு ஒன்று வீதம் சேர்த்துவந்தார்கள். பிசகு தெரிந்ததும் அகஸ்டஸ் சில மிகைநாட்களை விட்டுவிடச் சொன்னார். கி.பி. 1-இல் அந்தத் திருத்தம் இன்னும் முடியவில்லை.

அந்த ஆண்டின் கான்சல் கையுஸுக்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அவர் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன். அகஸ்டஸ் அவரையும் அவர் தம்பி லூசியஸையும் மகன்களாகவே தத்தெடுத்து, அடுத்த பேரரசராக வளர்த்தார். கான்சலான ஆண்டில் கையுஸுக்கு இருபது வயதுதான். ரோமில்கூட அவர் இல்லை, கிழக்கே சிரியாப் பக்கம் பார்த்தியரோடு பேச்சு நடத்தப் போயிருந்தார். அந்த அண்ணன் தம்பி இருவரும் கேடயமும் ஈட்டியும் வைத்து நிற்கும் வெள்ளிக்காசை அகஸ்டஸ் ஏராளமாக அடித்து வெளியிட்டார். கொங்கு நாட்டிலும் தென்னிந்தியாவின் பிற பகுதிகளிலும் கிடைத்த ரோமானியப் புதையல்களில் மிகுதியாகத் தென்படும் அகஸ்டஸ் காசு இதுதான். காசில் ஆண்டு எண் எதுவும் கிடையாது. ஆனால் அகஸ்டஸுக்கு ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம் அதில் இருக்கிறது; அந்தப் பட்டம் கி.மு. 2 பிப்ரவரியில் கிடைத்தது. இளைஞர் இருவரும் ‘கான்சலாகத் தேர்வானவர்கள்’ என்று அதில் சொல்லப்படுகிறார்கள். கையுஸ் பதவியேற்றது கி.பி. 1-இல். எழுதாத ஆண்டை ஒரு காசு எப்படிச் சொல்கிறது பாருங்கள். மிளகு விற்ற பணமாக இங்கே வந்து மண்ணுக்குள் போன அந்தக் காசின் இளைஞர்கள் இருவரும் அகஸ்டஸுக்கு முன்பே இறந்தார்கள். லூசியஸ் கி.பி. 2-இல், கையுஸ் கி.பி. 4-இல்.

கடல் தாண்டி எகிப்துக்கு வந்தால், பெயர் போய் எண் வருகிறது. ஹிலாரியோன் எழுதியதுபோல அரசனின் ஆட்சியாண்டு. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் கல்வெட்டுகளில் ‘யாண்டு’ என்று வருவது இதே முறைதான். எகிப்தின் புத்தாண்டு ஆகஸ்ட் இறுதியில் வரும். எனவே கி.பி. 1 ஜூலையில் எழுதிய ரசீது அகஸ்டஸின் 30-ஆம் ஆண்டைச் சேரும், செப்டம்பரில் எழுதியது 31-ஆம் ஆண்டைச் சேரும். பண்டைய ஆண்டுகளை ஒப்பிடும்போது பலரும் சறுக்கும் இடம் இது. ரோமின் ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது, பாபிலோனின் ஆண்டு வசந்தத்தில், ஏதென்ஸின் ஆண்டு கோடையில், சிரியாவின் ஆண்டு இலையுதிர் காலத்தில். ஒன்றின் ஆண்டு மற்றொன்றின் ஆண்டோடு முழுதாகப் பொருந்துவதே இல்லை. ஒவ்வொன்றும் மற்றதன் இரண்டு ஆண்டுகள் மேல் படுத்திருக்கிறது. வரலாற்று நூல்களில் ‘கி.பி. 15/16’ என்று சாய்கோடு போட்டு எழுதுவது அதனால்தான். அந்தக் கோட்டை அழகுக்காகப் போட்டது என்று எண்ணி ஓர் எண்ணை நீக்கிவிடும் பதிப்பாசிரியர்கள் உண்டு, தயவுசெய்து நீக்காதீர்கள்.

கிரேக்க வரலாற்றாசிரியர்கள் ஒலிம்பியாடுகளால் எண்ணினார்கள். நான்கு ஆண்டுக்கொரு முறை நடந்த விளையாட்டு விழா, முதல் விழா கி.மு. 776-இல் என்பது மரபு. அதன்படி கி.பி. 1 கோடையில் தொடங்கியது 195-ஆம் ஒலிம்பியாடின் முதல் ஆண்டு. எந்த நகரத்துக்கும் எந்த அரசனுக்கும் சொந்தமில்லாத எண் என்பது இதன் சிறப்பு. ஆனால் இதுவும் பெரும்பாலும் நூல்களுக்குள்ளேயே வாழ்ந்தது.

பாமரன் பத்திரத்திலும் அரசன் காசிலும் ஒரே எண் ஓடிய இடம் பாபிலோன். நின்று பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

பாபிலோனியர் மிகப் பழைய காலத்தில், ஹம்முராபி காலத்தில், ஆண்டுக்கு நிகழ்ச்சியால் பெயர் வைத்தார்கள். இந்தச் சுவர் கட்டிய ஆண்டு, அந்தக் கால்வாய் வெட்டிய ஆண்டு என்று. பிறகு ஆட்சியாண்டு முறைக்கு மாறினார்கள். அரசன் இறந்தால் எண் மீண்டும் ஒன்றுக்குத் திரும்பும். கி.மு. 323-இல் அலெக்சாண்டர் பாபிலோனிலேயே இறந்ததும் தளபதிகள் நாட்டைக் கூறுபோட்டார்கள். அவர்களுள் செலூகஸ் என்பவர் கி.மு. 312-இல் பாபிலோனைக் கைப்பற்றினார். பாபிலோனிய எழுத்தர்கள் கி.மு. 311 வசந்தத்தை அவருடைய முதலாம் ஆண்டாக வைத்து எண்ணினார்கள்; அவருடைய மாசிடோனியர்கள் கி.மு. 312 இலையுதிர் காலத்தை வைத்து எண்ணினார்கள். கி.மு. 281-இல் செலூகஸ் கொலையுண்டார். அதுவரை உலகம் கண்ட வழக்கப்படி, மகன் ஆண்டியோகஸின் முதலாம் ஆண்டு என்று பலகையை அழித்து எழுதியிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. தந்தையின் 31-ஆம் ஆண்டுக்குப் பின் 32-ஆம் ஆண்டு என்று எண் தொடர்ந்தது. பேரன் வந்தான், கொள்ளுப்பேரன் வந்தான், எண் நிற்கவில்லை. அரச வம்சமே அழிந்தபோதும் நிற்கவில்லை.

மனிதகுலம் செய்த பெரிய கண்டுபிடிப்புகளுள் இதற்கு இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். சக்கரத்துக்கும் எழுத்துக்கும் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. ஒரு குடியானவன் தன் வயதையும் தன் தாத்தாவின் நிலப்பத்திரத்தின் வயதையும் வெறும் கழித்தல் கணக்கால், எந்தப் பட்டியலின் துணையும் இல்லாமல், அறிய முடிந்தது அன்று முதல்தான். இனி வரப்போகும் ஆண்டுக்கு முன்கூட்டியே எண் சொல்லவும் முடிந்தது. அடுத்த ஆண்டின் கான்சல் யார் என்று ரோமானியன் காத்திருக்க வேண்டும். அரசன் எத்தனை நாள் இருப்பான் என்று எகிப்தியன் சொல்ல முடியாது. பாபிலோனிய வானியலாளர் மட்டும் எழுபது ஆண்டு கழித்து வரும் கோள்நிலைக்கும் ஆண்டு எண் போட்டு எழுத முடிந்தது.

பார்த்தியர் அந்த நாட்டை வென்றபோது தங்கள் அர்சகச வம்சத்துக்கென்று கி.மு. 247-ஐத் தொடக்கமாக வைத்து ஓர் எண்ணைக் கொண்டுவந்தார்கள். களிமண் பலகையில் எழுதியவர்கள் பழையதை விடாமல் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். ‘அர்சகசர் ஆண்டு இது, அதுவே செலூகஸ் கணக்கில் இது’ என்று. இரண்டுக்கும் வித்தியாசம் 64. இதன்படி கி.பி. 1 வசந்தத்தில் பாபிலோனில் பிறந்த ஆண்டு அர்சகசர் 248, செலூகஸ் 312. மாசிடோனியக் கணக்கைப் பின்பற்றிய சிரிய நகரங்களில் அதே இலையுதிர் காலத்தில் 313 பிறந்துவிட்டது. பார்த்திய அரசர்களே தங்கள் பெரிய வெள்ளிக்காசில் செலூகஸ் கணக்கின் ஆண்டையும் மாதத்தையும் பொறித்தார்கள். வென்றவன் தோற்றவனின் எண்ணை விட முடியாமல் போனான்.

அந்த எண்ணின் ஆயுள் வியப்பூட்டுவது. யூதர்கள் பத்திரங்களில் இடைக்காலம் முழுவதும் அதைப் பயன்படுத்தினார்கள்; யேமன் யூதர்கள் அதற்கும் நெடுங்காலம் பின்வரை விடவில்லை. சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்கள் அதைக் ‘கிரேக்கர் ஆண்டு’ என்று எடுத்துக்கொண்டு ஆசியாவின் மறுமுனைவரை போனார்கள். சீனத்தின் சியான் நகரில் அவர்கள் நட்ட கல் ஒன்று நிற்கிறது. அதன் சீன எழுத்து, டாங் பேரரசரின் ஜியான்ஜோங் ஆட்சிப்பெயரின் இரண்டாம் ஆண்டு என்கிறது. ஓரத்தில் உள்ள சிரியாக் எழுத்து, கிரேக்கர் 1092 என்கிறது. இரண்டும் கி.பி. 781-இல் சந்திக்கின்றன. பாபிலோனில் ஒரு தளபதி நுழைந்த நாளை ஆயிரம் ஆண்டு கழித்துச் சீனக் கல் எண்ணிக்கொண்டிருந்தது.

இதே பழக்கம் நம் துணைக்கண்டத்தின் வாசலிலும் வந்தது. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் பஜௌர் பகுதியில் அபராசா என்ற சிற்றரசு இருந்தது. அந்த அரசின் ராணி ருக்குணா ஒரு பௌத்தத் தூபியை நிறுவி, புனித எச்சங்கள் வைத்த பேழையில் கரோஷ்டி எழுத்தில் வாசகம் பொறித்தாள். 2005-இல் ரிச்சர்ட் சாலமன் அதைப் பதிப்பித்தபோது இந்திய வரலாற்றுக் காலக்கணக்கில் ஈடுபட்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காரணம், தேதியில் மூன்று கணக்குகள் இருந்தன. அபராசா அரசன் விஜயமித்திரனின் 27-ஆம் ஆண்டு. அசெஸ் ஆண்டு 73. யவனர் ஆண்டு 201. சிராவண மாதம் எட்டாம் நாள்.

ஒரே வரியில் மூன்று வகைக் காலமும் இருக்கிறது. உயிரோடு இருக்கும் உள்ளூர் அரசனின் எண் ஒன்று. சற்று முன் ஆண்டு மறைந்த சகப் பேரரசன் அசெஸின் எண் ஒன்று. அவனுக்கும் முன் ஆண்ட, அந்நாளில் ஆட்சியே இல்லாத கிரேக்கர்களின் எண் ஒன்று. யவனர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஆனால் யவனர் பெயரால் இந்தியாவின் எல்லையில் ஒரு தொடராண்டே ஓடியது என்பதை இந்தப் பேழைதான் ஐயமின்றிக் காட்டியது. யவனர் ஆண்டுக்கும் அசெஸ் ஆண்டுக்கும் இடைவெளி 128 என்பதும் இதனால் உறுதியானது. அசெஸ் ஆண்டும் பின்னாளில் விக்கிரம ஆண்டு என்று பெயர் பெற்றதும் ஒன்றே என்று கொள்பவர்கள், பேழையின் தேதியைக் கி.பி. 15/16 என்று வைக்கிறார்கள். அப்படியானால் நம் கி.பி. 1, அசெஸ் 58-ஐயும் யவனர் 186-ஐயும் ஒட்டி வரும். இவை பத்துப் பதினோரு ஆண்டு பின்னால் தொடங்கியவை என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. வழக்கு முடியவில்லை. ஆனால் மூன்று எண்ணையும் சேர்த்துப் பொறித்துவைத்த அந்த எழுத்தனுக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது.

சீனத்துக்குப் போனால் ஒரு தற்செயல் காத்திருக்கிறது. உலகில் கி.பி. 1-ஐ அப்போதே ‘ஒன்று’ என்று எண்ணிய பேரரசு அதுதான்.

ஹான் பேரரசர் ஆய் கி.மு. 1 கோடையில் வாரிசில்லாமல் இறந்தார். ஒன்பது வயதை எட்டிய சிறுவன் ஒருவனை அரியணையில் அமர்த்தினார்கள். வரலாறு அவனைப் பிங் பேரரசர் என்கிறது. ஆட்சிக்குப் பெயர் சூட்டி அந்தப் பெயரால் ஆண்டை எண்ணுவது சீன வழக்கம். அடுத்த புத்தாண்டில், கி.பி. 1-இன் தொடக்கத்தில், யுவான்ஷி முதலாம் ஆண்டு பிறந்தது. ஆதித் தொடக்கம் என்று அந்தப் பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அறுபதாண்டு வட்டத்தில் அது 58-ஆவதான சின்-யூ, சேவல் ஆண்டு. பெயர் சூட்டிய கை சிறுவனுடையது அல்ல. அவன் பெயரால் ஆண்ட வாங் மாங்குடையது. அதே ஆண்டில் வாங் மாங், ஹான் வம்சத்துக்கு அமைதி தந்த கோமான் என்ற பட்டத்தைப் பெற்றார். எட்டே ஆண்டில் அந்த வம்சத்தையே நீக்கிவிட்டுத் தானே பேரரசரானார். ஆனதும் செய்த முதல் வேலைகளுள் ஒன்று, ஆண்டுப் பிறப்பை ஒரு மாதம் முன்னுக்குத் தள்ளியது. ஆட்சியைப் பிடிப்பவன் நாட்காட்டியையும் பிடிப்பான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யுவான்ஷி இரண்டாம் ஆண்டு, அதாவது கி.பி. 2, வரலாற்றாசிரியர்களுக்குப் பொக்கிஷம். அந்த ஆண்டின் மக்கள் கணக்கை ஹான் வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது: 1,22,33,062 வீடுகள், 5,95,94,978 பேர். அதே ஆண்டு வசந்தத்தில் இன்னொரு பதிவு, ஹுவாங்சி என்ற தொலைதூர நாடு உயிருள்ள காண்டாமிருகம் ஒன்றைக் காணிக்கையாக அனுப்பியது. வாங் மாங் தன் புகழைக் காட்ட அந்நாட்டு அரசனுக்கு நிறையப் பரிசுகள் அனுப்பித் தருவித்தது அது என்று அதே நூல் இன்னோர் இடத்தில் சொல்கிறது. முத்தும் ஒளிமணிகளும் கிடைக்கும், கடல்வழியே பல மாதம் போக வேண்டிய அந்த ஹுவாங்சி, காஞ்சிதான் என்று பல அறிஞர்கள் கருதினார்கள், ஏற்காதவர்களும் உண்டு. காஞ்சிதான் என்றால், காஞ்சியைப் பற்றிய ஆண்டு எண்ணோடு கூடிய மிகப் பழைய செய்தி சீன நாட்காட்டியில்தான் இருக்கிறது. நம்மிடம் அந்தக் காலத்துக்கு ஆண்டு எண் இல்லை. தமிழி எழுத்துக் குகைக் கல்வெட்டுகள் கொடுத்தவர் பெயரையும் கொடையையும் சொல்கின்றன, ஆண்டைச் சொல்வதில்லை.

இனி, அந்த ஆண்டுக்குப் பிற்காலம் சூட்டிய எண்கள். இவற்றில் உலகை வென்றது டயனீசியஸ் எக்சிகூஸ் என்ற துறவியின் எண். கி.பி. 525-இல் அவர் ரோமில் ஈஸ்டர் திருநாளுக்கான அட்டவணை தயாரித்தார். கையில் இருந்த பழைய அலெக்சாந்திரிய அட்டவணை, டயோக்ளீஷியன் பேரரசரின் ஆண்டுகளால் எண்ணப்பட்டு 247-உடன் முடிந்தது. டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திக் கொன்ற அரசர். அவருடைய நினைவைத் திருநாள் அட்டவணையில் சுமக்க டயனீசியஸுக்கு மனம் ஒப்பவில்லை. 248 என்று எழுத வேண்டிய இடத்தில், இயேசு பிறந்ததிலிருந்து 532 என்று எழுதினார். அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டார் என்று அவர் விளக்கவில்லை. ஏரோது அரசன் காலத்தில் இயேசு பிறந்தார் என்கிறது நற்செய்தி, ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்பதே பெரும்பாலோர் முடிவு. எனவே சில ஆண்டுகள் பிசகு. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வேறு வழியில் போனார்கள். டயோக்ளீஷியனின் எண்ணையே வைத்துக்கொண்டு, அதற்கு ‘உயிர்த்தியாகிகளின் ஆண்டு’ என்று பெயர் மாற்றி இன்றளவும் எண்ணுகிறார்கள்.

டயனீசியஸின் எண்ணை நாடறியச் செய்தவர் இங்கிலாந்தின் பீட் என்ற துறவி, எட்டாம் நூற்றாண்டில். அந்தக் கணக்கில் சுழியம் இல்லை, கி.மு. 1-க்கு அடுத்தது நேரே கி.பி. 1. இதனால் வரும் பிழை இன்றும் நடக்கிறது. மாரத்தான் போர் நடந்தது கி.மு. 490. அதன் 2500-ஆவது ஆண்டு நிறைவு 2011-இல் வர வேண்டும்; ஏதென்ஸ் மாரத்தான் ஓட்டம் 2010-லேயே அதைக் கொண்டாடியது. வானியலாளர்களுக்கு இந்த இடறல் ஆகாது. 1740-இல் ஜாக் கஸ்ஸினி தம் அட்டவணைகளில் கி.மு. 1-ஐ 0 என்று எழுதினார். வானியலில் அதுவே நிலைத்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் பைசாந்தியக் கணக்கில் கி.பி. 1-இன் பெரும்பகுதி 5509. யூதர்களின் படைப்பாண்டுக் கணக்கில் அதன் இலையுதிர் காலத்தில் பிறந்தது 3762. கலியுகக் கணக்கில் அவ்வாண்டு சித்திரையில் கடந்திருந்தவை 3102 ஆண்டுகள். திருவள்ளுவர் ஆண்டு 32. நம் அறுபதாண்டு வட்டத்தைப் பின்னோக்கி ஓட்டினால் துன்மதி. 1981-இல் வந்த அதே துன்மதி.

ஆனால் இவை எல்லாம் பின்னோக்கிப் போட்ட கூட்டல் கழித்தல். கி.பி. 1-இல் காஞ்சியிலோ மதுரையிலோ ஒருவர் ‘துன்மதி ஆண்டு’ என்றோ ‘கலி 3102’ என்றோ சொன்னார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஒரு தொடராண்டின் தொடக்கம் வேறு, அது புழக்கத்துக்கு வந்த காலம் வேறு. கலியாண்டு கி.மு. 3102-இல் தொடங்குவதால் அன்று முதலே எண்ணி வந்தார்கள் என்று மேடையில் பேசுவோர் உண்டு. அப்படிப் பேசுவது, கி.பி. 1-இல் எல்லோரும் கிறிஸ்தவ ஆண்டு எண்ணினார்கள் என்பதற்குச் சமம். ஆரியபட்டர் தமக்கு 23 வயதானபோது கலியில் 3600 ஆண்டு கடந்தது என்று குறித்தது கி.பி. 499. பாண்டிய நாட்டில், மதுரை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கல்வெட்டு கலி 3871 என்று எழுதியது கி.பி. 770. பராந்தக நெடுஞ்சடையனின் காலத்தை உறுதியாக நிறுத்தியது அந்த ஒற்றை எண்தான்.

அப்படிப்பட்ட எண் தமிழ்க் கல்வெட்டுகளில் அரிது. மிகப்பெரும்பாலானவை ஹிலாரியோனின் கடிதம்போல அரசன் பெயரும் ஆட்சியாண்டும் மட்டும் சொல்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக் குடம் கொடுத்ததுகூட இராசராசனின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாள் என்றே பதிவானது. இராசராசன் அரியணை ஏறியது கி.பி. 985-இன் நடுவில் என்று இன்று நாம் சொல்ல முடிவது எப்படி? சில கல்வெட்டுகளில் ஆட்சியாண்டோடு மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவையும் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை எல்லாம் ஒரே நாளில் கூடிவருவது அரிது. கீல்ஹார்ன் என்ற அறிஞர் அந்தக் கூட்டை வானியல் கணக்கால் தேடி நாட்களைக் கண்டார். எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல், கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் கணித்துப் பல தொகுதிகளாக வெளியிட்டார். கணினி இல்லாத காலத்தில், அரசுப் பணியில் இருந்துகொண்டே ஒரு தமிழர் முடித்த வேலை அது. கல்வெட்டாய்வாளர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைத் திறக்கிறார்கள்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி என்று சுவரைச் சுரண்டவும், மணல் வீசித் தேய்க்கவும், சுண்ணாம்பு அடிக்கவும் தொடங்கினால், எழுத்துள்ள கற்களை முதலில் படம் எடுத்துவிடுங்கள். அரசன் பெயர் உள்ள மேல்வரிகளோடு நிறுத்திவிடாமல், கிழமையும் நட்சத்திரமும் வரும் வரிகளையும் விடாமல் எடுங்கள். எடுத்ததைத் தொல்லியல் துறைக்கு அனுப்பிவையுங்கள். அந்த இரண்டு சொல் தேய்ந்துபோனால் அந்தக் கல்லின் ஆண்டை எந்த அட்டவணையாலும் மீட்க முடியாது.